இலத்தாளம் நின்றால் பாட்டு தடுமாற வேண்டும்

ஒரு பள்ளியின் இசைக் குழுவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு கிலுகிலுப்பை இருக்கும். இல்லாவிட்டால் ஒரு சின்ன ஜால்ரா, அதுவும் சத்தம் அதிகம் வராதபடி துணி சுற்றியது. கடைசி வரிசையில் ஓரமாக நிற்கும். ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஃபோட்டோவில் நன்றாக விழும், அவ்வளவுதான். இதற்குச் சேர்த்துக்கொள்வது என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளை வாசிப்பதை நிறுத்தினால் பாட்டு தடுமாறுகிறதா? தடுமாறினால் அந்தப் பிள்ளை குழுவில் இருக்கிறது. தடுமாறாவிட்டால் நாம்தான் இன்னும் வேலையை முடிக்கவில்லை.

நான் பாட்டு டீச்சர். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் டிவிஷனும் மலையாள டிவிஷனும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பள்ளி. வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். இங்கே வீட்டில் கொங்குத் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம். கோயில் நோம்பி வந்தால் ஒரு ஊரில் ஜமாப் அடிப்பார்கள், பக்கத்து ஊரில் செண்டை. எனக்கு இந்தச் சோதனை தோன்றியதே செண்டை மேளத்தைப் பார்த்துத்தான். பஞ்சாரி மேளத்தில் முன்னால் நிற்கும் உருட்டுச் செண்டைக்காரர்கள்தான் கண்ணில் படுவார்கள். பின்னால் வீக்கன் செண்டையும், இலத்தாளம் என்ற கனமான கைத்தாளமும் தாளத்தின் அடியை மட்டும் தாங்கிக்கொண்டே இருக்கும். மேளம் காலம் காலமாக வேகம் ஏறும். முதல் காலத்தில் தாளத்தின் ஒரு சுற்று 96 அட்சரம், அதாவது 96 எண்ணிக்கை. அது 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து ஐந்தாம் காலத்தில் 6-க்கு வந்து சேரும். அவ்வளவு நேரமும் பின்வரிசை கணக்குத் தப்பாமல் நின்றால்தான் முன்வரிசை வித்தை காட்ட முடியும். பின்வரிசைக்காரரைப் பார்த்து யாரும் "பாவம், இவருக்கும் ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள்" என்று சொல்வதில்லை. எளிய வேலை, ஆனால் இன்றியமையாத வேலை. பள்ளிக் குழுவுக்கு நான் பாட்டு அமைக்கும்போது தேடுவது அப்படிப்பட்ட இடங்களைத்தான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் குழுவுக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்களை ஒரு மத்தியானம் வரச் சொல்வேன். மருத்துவச் சான்றிதழை நான் கேட்பதில்லை. அது பி.ஆர்.சி. என்ற வட்டார வள மையத்திலிருந்து வரும் ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் இருக்கும், தேவைப்பட்டால் அவரிடம் பேசிக்கொள்ளலாம். சான்றிதழில் இருக்கும் சதவீதத்தை வைத்து எனக்கு ஒரு தாளமும் போட முடியாது. நான் கேட்பது வேறு. எந்தச் சத்தம் பிடிக்கும், எந்தச் சத்தம் ஆகாது? எந்த நேரத்தில் அசந்து போவான்? வலிப்புக்கு மாத்திரை உண்டா, சாப்பிட்டால் தூக்கம் வருமா? கோபம் வந்தால் எப்படித் தணிப்பீர்கள்?

ஒரு அம்மா சொன்னார்: "மிக்ஸி சத்தம் ஆகாதுங்க டீச்சர். குக்கர் விசில் வந்தா காதப் பொத்திட்டுத் தோப்புக்கு ஓடிருவான். ஆனா மோட்டார் ரூமுல உட்டீங்கன்னா மணிக்கணக்கா உக்காந்திருப்பானுங்க."

ஆட்டிசம் உள்ள பையன். பேச்சு குறைவு. இரண்டு வருஷமாக அவனை இசை வகுப்பு நேரத்தில் நூலகத்தில் உட்கார வைத்திருந்தார்கள், "சத்தம் தாங்க மாட்டான்" என்று. மோட்டார் ரூம் என்றதும் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. திடீர் சத்தம்தான் அவனுக்கு எதிரி. ஒரே நிலையில் நீளும் சத்தம் அவனுக்குச் சுகம். பீரோவில் பழைய சுருதிப்பெட்டி ஒன்று கிடந்தது, கையால் துருத்தி போடுவது. எலக்ட்ரானிக் பெட்டி வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. தூசி தட்டி அவன் முன் வைத்தேன். முதல் நாள் மடிப்பைத் தடவிப் பார்த்தான், மூடினான், போய்விட்டான். அடுத்த வாரம் காதைப் பெட்டியின் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டு துருத்தி போட்டான். அந்த வருஷம் எலக்ட்ரானிக் பெட்டியை நான் வெளியே எடுக்கவே இல்லை. அவன் காற்றை நிறுத்தினால் பாடுகிறவர்களுக்குச் சுருதி இல்லை. எல்லாரும் அவனைத்தான் நம்பியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளெல்லாம் இசை மேதைகள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அப்படி ஒரு பேச்சு நம் ஊரில் சுற்றுகிறது. சிலருக்கு அபாரமான காது இருக்கும், பலருக்கு இருக்காது, மற்ற பிள்ளைகளைப் போலவே. இந்தப் பையனுக்கு ஸ்வரம் பிரித்துச் சொல்லத் தெரியாது. சீராகத் துருத்தி போடத் தெரியும். அதுவே எனக்குப் போதும்.

அவனுக்காகச் செய்த மாற்றங்கள் ரொம்பச் சின்னவை. உட்காரும் இடம் கதவுப் பக்கம், டிரம்முக்கு நேர் எதிர் மூலையில். கட்டடத் தொழிலாளர்கள் போடும் காது மூடி ஒன்று அவன் பைக்குள் எப்போதும் இருக்கும். சத்தத்தைக் குறைக்கும், பாட்டை அழிக்காது. செண்டை தொடங்குவதற்கு முன் யாராவது ஒருவர் அவனைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். முடியவில்லை என்றால் எழுந்து வெளியே போகலாம், திரும்பி வந்தால் ஏன் போனாய் என்று கேட்கக் கூடாது. அவன் வெளியே போனால் என்ன செய்வது? பாட்டு தடுமாறும்தான். அதற்காகத்தான் ஆர்மோனியக்காரியிடம் சுருதிக்கு வேண்டிய ஸட்ஜம் (ஸ), பஞ்சமம் (ப) இரண்டையும் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பெரிய கச்சேரியிலும் தந்தி அறுந்தால் யாராவது சமாளிக்கத்தானே செய்கிறார்கள்.

காது கேளாத பிள்ளைகள் விஷயத்தில்தான் ஆசிரியர்கள் ரொம்பத் திணறுகிறார்கள். கேரளத்தில் ஸ்ருதிதரங்கம் என்ற அரசுத் திட்டத்தில் சின்ன வயதிலேயே காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைத்த பிள்ளைகள் இப்போது சாதாரணப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். "அதுதான் கருவி வைத்தாச்சே, இனி எல்லாம் கேட்கும்" என்று நினைத்துப் பாட வைத்து, சுருதி சேரவில்லை என்று வெளியே அனுப்புகிறார்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் இந்தத் தொல்லை வராது. இயல்பான காதில் ஆயிரக்கணக்கான நுண்செல்கள் செய்யும் வேலையை, இதில் 12 முதல் 22 மின்முனைகள் செய்கின்றன. பேச்சைப் புரிந்துகொள்ள அது போதும். தாளமும் நன்றாகத் தெரியும். ஆனால் அடுத்தடுத்த ஸ்வரங்களான ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் உள்ள தூரம் மங்கலாகத்தான் கேட்கும். ஆகவே தனியாக ஸ்வரம் பாடச் சொல்லிச் சோதிப்பது வீண். சாதாரணக் காது மெஷின் போட்ட பிள்ளைக்கும் ஒரு விஷயம் உண்டு. மெஷினைப் பேச்சுக்காகச் சரிசெய்து வைத்திருப்பார்கள். அது பெரிய சத்தத்தை அமுக்கும், சின்னச் சத்தத்தைத் தூக்கும், இசை குழம்பிவிடும். இசைக்கென்று தனி புரோகிராம் வைத்துத் தர முடியுமா என்று ஆடியாலஜிஸ்டிடம் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். பல மெஷின்களில் அந்த வசதி இருக்கிறது.

எங்களிடம் இருந்த இம்ப்ளான்ட் பெண்ணுக்கு பேஸ் டிரம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மரப்பலகை மேல் நிற்கச் சொன்னேன். காது கேளாத உலகப் புகழ் தாளக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி வெறுங்காலோடு வாசிப்பவர். அதிர்வைக் காலிலும் உடம்பிலும் வாங்கிக்கொள்கிறார். எங்கள் பலகை பழைய பெஞ்சின் மேல்தட்டு. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையில் போட்டுக் காட்டியதும் அவள் அரை மணியில் பிடித்துக்கொண்டாள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. நம் தாளமே கண்ணால் பார்க்கிறபடி, கையால் தொடுகிறபடி இருப்பது எவ்வளவு பெரிய வசதி! பார்வை இல்லாத பிள்ளைக்கு இதையே உள்ளங்கையில் போட்டுக் காட்டலாம்.

ஆண்டு விழா அன்று அவள் தலையில் ஒரு கூத்து நடந்தது. ஒப்பனைக்கு வந்த அக்கா அவளுக்கும் எல்லோரையும் போலக் கொண்டை போட்டு, மல்லிகைச் சரம் சுற்றி, கைக்கு வந்தபடி ஹேர்பின் குத்திவிட்டார். கருவியின் வெளிப்பாகம் தலையோடு காந்தத்தால் ஒட்டி நிற்பது. ஒரு இரும்புப் பின் போய் அதில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று அதைத் தள்ளிவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒப்பனை கலைந்துவிடும் என்ற பயத்தில் வாயும் திறக்கவில்லை. அவள் தோழிதான் கவனித்தாள். பின்னையெல்லாம் உருவிப் போட்டு ரப்பர் பேண்ட் போட்டுச் சரிசெய்தோம். இம்ப்ளான்ட் உள்ள பிள்ளைக்குத் தலை அலங்காரம் வீட்டிலேயே அம்மா கையால் நடக்கட்டும். தலைப்பாகை, கிரீடம் எதுவும் வேண்டாம். மாற்று பேட்டரி டீச்சர் பையில் இருக்கட்டும், மேடை ஏறும் முன் ஒரு தடவை பெயர் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்.

கருவிகளைப் பிடிப்பதில் வரும் சிக்கலுக்குக் கடைகளில் விலையுயர்ந்த பொருள்கள் இருக்கின்றன. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பெருமூளை வாதம் உள்ள ஒரு பையனுக்கு மெல்லிய குச்சி விரலில் நிற்காது. சைக்கிள் ஹேண்டில் ரப்பரைச் செண்டைக் கோலின் அடியில் மாட்டிக் கொடுத்தோம். உள்ளங்கை நிறையப் பிடிமானம் கிடைத்தது. மணிக்கட்டோடு சேர்த்து ஒரு வெல்க்ரோ பட்டை, அது பள்ளிப் பை தைப்பவரிடம் தைத்தது. செண்டையைத் தோளில் மாட்டாமல் ஸ்டூலில் சாய்த்து வைத்தோம். எந்தச் சாய்வில் அவன் கை தானாகவே விழுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் எடுத்தது. அவன் கை நினைத்த நேரத்துக்கு வராது, கொஞ்சம் பிந்தும். அதனால் வேகமான இடங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுற்றும் முடிந்து பாட்டு மூச்சு விடும் இடத்தில் ஒரு அடி கொடுத்தேன். அந்த அடி விழுந்த பிறகுதான் பாடுகிறவர்கள் அடுத்த வரியை எடுக்க வேண்டும். அவன் பிந்தினால் பாட்டும் காத்திருக்கும். கேட்பவர்களுக்கு அது வேண்டுமென்றே வைத்த நிறுத்தம் போலத்தான் இருந்தது. நிஜமாகவே வேண்டுமென்றே வைத்ததுதான்.

ஆர்மோனியத்துக்கு எங்கள் கண்டுபிடிப்பு ஸ்டிக்கர் பொட்டு. பார்வை இல்லாத பெண்ணுக்கு ஸட்ஜத்திலும் பஞ்சமத்திலும் கல் வைத்த பொட்டு ஒட்டினோம், விரலில் தட்டுப்படும். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கொத்தாக இருப்பதால் மற்றதை அவளே பிடித்துக்கொண்டாள். படிப்பதில் சிரமம் உள்ள இன்னொரு பெண்ணுக்குக் கலர் பொட்டு. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று ஸ்வரம் மட்டும். பாட்டு வரிகளையும் அதே கலரில் அட்டையில் எழுதி வைத்தேன். ஒரு டஜன் பொட்டு பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். வியர்வையில் உரியும், மாதம் ஒரு தடவை மாற்ற வேண்டும்.

கண் தெரியாத பிள்ளைகள் குழுவில் இருந்தால் டீச்சர் கையை ஆட்டித் தொடங்குவது உதவாது. எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சை இழுத்து, அதே மூச்சில் தொடங்கப் பழக்கினேன். ஒரு மாதத்தில் முழுக் குழுவின் எடுப்பும் சுத்தமாகிவிட்டது. முன்பெல்லாம் என் கையைப் பார்க்காமல் வேடிக்கை பார்த்து ஆளுக்கொரு நேரம் தொடங்குவார்கள். பயிற்சிக்கு ஒவ்வொருவர் பகுதியையும் தனித்தனியாக, வேகம் குறைத்து, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அம்மா ஃபோனுக்கு அனுப்புவேன். பார்வையற்ற பாடகி வைக்கம் விஜயலட்சுமி ஒற்றைத் தந்தியுள்ள காயத்ரி வீணை வாசிப்பதை எங்கள் பார்வை இல்லாத ஆர்மோனியப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டியதும் அவள் கேட்டது: "டீச்சர், அவங்களுக்குக் கணக்குப் பரீட்சை உண்டா?" நாங்கள் எதையோ ஊக்கமூட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவளுக்கு அவள் கவலை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்குச் சொல்லிக் கேட்பதைவிடப் பார்த்துச் செய்வது எளிது. லேசான காது மந்தமும் பலருக்கு உண்டு, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் இலத்தாளக்காரன் அப்படித்தான். நீளமாக விளக்கினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான், ஒன்றும் போய்ச் சேராது. எதிரே நின்று அடித்துக் காட்டினால் போதும். வள்ளி கும்மி மெட்டில் அமைத்த பாட்டில் கும்மி வட்டம் சுற்றுவதே அவன் தாளத்துக்குத்தான். அவன் நிறுத்தினால் கால்கள் நின்றுவிடும். ஒத்திகையில் இதை அவன் கண்டுபிடித்துவிட்டான். வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி, எல்லாரும் தடுமாறி முட்டிக்கொள்வதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். திட்டினேன். மற்ற யார் அப்படிச் செய்திருந்தாலும் திட்டியிருப்பேன். குழுவில் இருக்கிற பிள்ளைக்குத் திட்டும் உண்டு.

பக்கத்தில் ஒரு துணை மாணவர் வைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் எப்போதும் அதே ஒரு நல்ல பெண்ணின் தலையில் கட்டிவிடுகிறோம், அவள் பாட்டு போய்விடுகிறது. வாரம் மாற்றுங்கள். துணை செய்வது தோளில் ஒரு தட்டு மட்டும். கையைப் பிடித்து அடிக்க வைக்கக் கூடாது. கையைப் பிடித்து அடித்தால் அது துணை மாணவர் வாசித்தது.

வலிப்பு உள்ள பிள்ளை இருந்தால் முழுக் குழுவுக்கும் முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். இங்கே இன்னமும் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. சுற்றியுள்ள கருவிகளை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, மணியைப் பாருங்கள். வாயில் எதுவும் வைக்க வேண்டாம், அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு மின்னும் விளக்கே வலிப்பைத் தூண்டும். ஆகவே ஆண்டு விழா லைட் செட்காரரிடம் மினுக்கு விளக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

மேடைக்குப் படி மட்டும் இருந்தால் வீல்சேரை நாலு பேர் தூக்கி ஏற்றுவார்கள், கூட்டம் கைதட்டும். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்காது, அந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. நாங்கள் முழுக் குழுவையும் மேடைக்குக் கீழே தரையில் நிறுத்திப் பாட வைத்தோம். மைக் வயர் மட்டும் கொஞ்சம் நீளம் வேண்டியிருந்தது. அறிவிப்பாளரிடமும் ஒரு நிபந்தனை: "இந்தச் சிறப்புக் குழந்தைகளுக்குப் பலத்த கரவொலி" என்ற வரி கிடையாது. பாட்டின் பெயர், ராகம், குழுவின் பெயர். போதும்.

எதிர்ப்பும் வரும். "போட்டியில கிரேடு போயிரும் டீச்சர், மத்த பிள்ளைங்க ஒழைப்பு வீணாயிரும்" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். கேரளத்தில் 1957-இல் தொடங்கிய பள்ளிக் கலோத்சவம் என்ற கலைப் போட்டி விழா வீட்டுக்கு வீடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவர் கவலையை நான் குறை சொல்ல மாட்டேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், படிப்பில் மட்டுமல்லாமல் விளையாட்டிலும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளிலும் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் இதைச் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் சட்டத்தை எடுத்தால் வாய் மூடுவார்கள், மனம் மாறாது. அதனால் அவரை ஒத்திகைக்கு வரச் சொன்னேன். பேஸ் டிரம் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு தடவை பாட வைத்தேன். இரண்டாம் சரணத்தில் வேகம் எகிறிப் போய்விட்டது. அவளைத் திரும்ப டிரம் முன்னால் நிற்க வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டுப் போனார். ஒப்புக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் மகனைக் குழுவிலிருந்து எடுக்கவில்லை.

கலோத்சவக் குழுக்களில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எல்லாரையும் கூட்டிப் போக முடியாது. வருஷத்தில் மற்ற நிகழ்ச்சிகளுக்கு முழுக் குழு, போட்டிக்கு அந்தப் பாட்டுக்கு வேண்டியவர்கள் என்று பிரித்தோம். பேஸ் டிரம் பெண் போனாள், தாளத்தில் அவளைப் போல நிலையாக நிற்க வேறு ஆள் இல்லை என்பதால். இலத்தாளக்காரன் போகவில்லை. அந்த வாத்தியக் கோவையில் இலத்தாளம் இல்லை. அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போட்டியில் சுருதி விலகல் என்று நடுவர்கள் குறைத்தார்கள், பி கிரேடுதான் கிடைத்தது. காரணம் கீபோர்டுக்காரன். கை பட்டு, சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் அமுங்கி, அரைக் கட்டை ஏறிப் போயிருந்தது. அதிலிருந்து மேடை ஏறும் முன் பேட்டரியோடு சேர்த்து அந்தப் பட்டனையும் பார்க்கிறோம். இப்போது அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறது.